7-14: ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் கோச்சைத் தூக்கச் சொல்லிக் கூச்சல் கிளம்பும்போதெல்லாம் எனக்கு மிசிசிப்பிதான் நினைவுக்கு வரும். மேஜர் லீக், அதாவது உச்சத் தொழில்முறை லீக் அணி ஒன்றுகூட இல்லாத மாநிலம். அங்கே பேஸ்பால் என்றால் மிசிசிப்பி ஸ்டேட், ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப் பெயர்) என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள்தான். 2021-ல் முன்னது தேசியச் சாம்பியன், 2022-ல் பின்னது. 2023 ஏப்ரலில் இரண்டும் மோதிய ஒரு ஆட்டத்துக்கு 16,423 பேர் வந்தார்கள். கல்லூரி வளாக மைதானம் ஒன்றில் அதுவரை அப்படிக் கூட்டம் கூடியதில்லை. கூத்து என்னவென்றால், அந்த வருஷம் தேசியப் போட்டிக்குப் போன 64 அணிகளில் இரண்டுமே இல்லை!

இப்போது கணக்குக்கு வருவோம். 2022 மே தொடக்கத்தில் ஓல் மிஸ், எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (தென் மாநிலப் பல்கலைக்கழகங்களின் லீக்) 7 வெற்றி, 14 தோல்வி. மார்ச்சில் நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி அது. 2001 முதல் கோச்சாக இருக்கும் மைக் பியாங்கோவை அனுப்பியே ஆகவேண்டும் என்று ரசிகர்கள் நின்றார்கள். நிர்வாகம் அசையவில்லை. அடுத்த ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் ஏழில் ஜெயித்து, 64-க்குள் கடைசி ஆளாக நுழைந்து, தேசியப் போட்டியின் கடைசிக் கட்டம் நடக்கும் ஒமாஹா நகரில் கோப்பையைத் தூக்கினார்கள்.

2025 ஏப்ரல் கடைசியில் மிசிசிப்பி ஸ்டேட்டும் அதே 7-14. நான்கு வருஷம் முன்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த கிறிஸ் லெமோனிஸை சீசன் முடியும் முன்பே நீக்கினார்கள். பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் தொடர்ந்து தேசியப் போட்டிக்குள் நுழையாதது அவர் கணக்கில் ஏற்கெனவே இருந்தது.

ரசிகர்கள் பார்ப்பது அந்த 7-14-ஐ மட்டும்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் வார இறுதியில் மூன்று. மூன்றையும் தொடங்க மூன்று பிட்சர் (பந்து வீசுபவர்) வேண்டும். தொடங்குகிறவர் நூறு பந்து வீசினால் அடுத்த வாரம்தான் மறுபடி. கிரிக்கெட்டில் முதல் நாள் இருபது ஓவர் போட்டவரிடமே மறுநாளும் பந்தைக் கொடுக்கலாம். இங்கே அது நடக்காது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். முதல் ஆள் தடுமாறினால் மூன்றாவது இன்னிங்ஸிலேயே புல்பென், அதாவது மாற்றாக வீசக் காத்திருக்கும் பிட்சர்கள், உள்ளே வருவார்கள். முதல் நாளே அவர்களைக் கரைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் வீச ஆள் இருக்காது. 8-3 முன்னிலை 8-9 ஆவது அப்படித்தான். கேலரியில் இருப்பவருக்குக் கோச் தப்பான ஆளை இறக்கியதாகத் தெரியும். இறக்கச் சரியான ஆளே மிச்சமில்லை என்பது தெரியாது.

2022-ல் ஓல் மிஸ்ஸின் கோளாறு இதுதான். அடிக்க ஆள் இருந்தார்கள். டிம் எல்கோ மட்டும் அந்த சீசனில் 24 ஹோம் ரன். தொடங்க நம்பகமான பிட்சர்தான் இல்லை. சீசன் ஆரம்பத்தில் புல்பென்னில் இருந்த டிலன் டெலூசியாவைத் தொடக்க ஆளாக்கி, முதலாமாண்டு இடதுகையர் ஹன்டர் எலியட்டையும் வார இறுதி வரிசையில் நிலைநிறுத்திய பிறகு அணியின் முகமே மாறிவிட்டது. ஒமாஹாவில் ஆர்கன்சாவுக்கு எதிராக, தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில், டெலூசியா ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி நான்கு ஹிட் (எதிரணி அடித்து பேஸைப் பிடிப்பது) மட்டும் கொடுத்தார். ஒருவரைக்கூட 'வாக்'கில் (நான்கு தப்பான பந்து வீசி முதல் பேஸைச் சும்மா கொடுப்பது) அனுப்பவில்லை. 2-0. ஏப்ரலில் கோச்சைத் திட்டியவர்கள் ஜூனில் அவரைக் கொண்டாடினார்கள். சரி, போகட்டும்.

அதனால் ரசிகர் எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. லெமோனிஸ் போன பிறகு இடைக்காலக் கோச் ஜஸ்டின் பார்க்கரின் கீழ் அதே ஆட்டக்காரர்கள் மீதி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்துத் தேசியப் போட்டிக்கே போனார்கள். வார நடுவே, செவ்வாய்க்கிழமை, கான்ஃபரன்ஸில் சேராத ஆட்டத்தில் சின்னக் கல்லூரியிடம் தோற்றால் வரும் கோபத்திலும் நியாயம் உண்டு. அன்றைக்கு வீசுவது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது ஆள் என்றாலும், அந்தத் தோல்வி, தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்வு செய்யப் பார்க்கும் ஆர்.பி.ஐ. தரவரிசையில் வந்து இடிக்கும். மே கடைசியில் சொந்த மைதானத்தில் தேசியப் போட்டியின் முதல் சுற்றான ரீஜனல் நடத்தும் வாய்ப்பை அதுவே பறிக்கலாம்.

கோச்சை எடைபோட ஒரு மாதத்து வெற்றி தோல்வியை விட நல்ல அளவுகோல்கள் உண்டு. பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை வாக் கொடுக்கிறார்கள்? வருஷா வருஷம் கூடினால் அது பயிற்சியின் குறை. மூன்றாம் ஆண்டு முடித்தவர்களை, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் ஜூலை டிராஃப்ட் கொண்டுபோகும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறாரா, அல்லது ஒவ்வொரு கோடையிலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) கோச் அவசரமாகத் தேடுகிறாரா? முதல் ஆளுக்குக் கை வலி என்று அணியே படுத்துவிட்டால் அது துரதிர்ஷ்டம். மூன்று வருஷம் தொடர்ந்து பிட்சர்களின் கை போனால் அதை அப்படிச் சொல்ல முடியாது. பியாங்கோவையும் இதே கேள்விகளால்தான் கேட்க வேண்டும். பட்டத்துக்கு அடுத்த வருஷம் அவர் அணி கான்ஃபரன்ஸில் 6-24. 2025-ல் சொந்த ஊரில் ரீஜனல் நடத்தியும், மர்ரே ஸ்டேட் வந்து ஜெயித்துக்கொண்டு போனது.

கூச்சலுக்கு ஒரு விலையும் உண்டு. மிசிசிப்பி சட்டப்படி அரசுப் பல்கலைக்கழகக் கோச்சுக்கு நான்கு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. அதனால் வருஷா வருஷம் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். ரசிகர்களுக்குப் பயந்து ஒரு கோடையில் நீட்டிக்காமல் விட்டால் எதிரணி கோச்சுகளுக்குக் கொண்டாட்டம். 'உங்கள் பையன் மூன்றாம் ஆண்டு வரும்போது அவர் அங்கே இருப்பாரா?' என்று பள்ளி மாணவரின் பெற்றோரிடம் கேட்டால் போதும். நல்ல பிட்சர் வேறு கல்லூரிக்குக் கையெழுத்துப் போடுவார். அந்த ஓட்டை தெரிய இரண்டு வருஷம் ஆகும். தெரியும்போது புதுக் கோச் வந்திருப்பார், திட்டு அவருக்கு விழும்.