துர்துக் ஒன்றும் உறைந்து கிடக்கவில்லை

துர்துக் கிராமம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் லடாக்கின் நுப்ரா பக்கமுள்ள துர்துக்கைக் 'காலம் உறைந்த கிராமம்' என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்த ஊர் அது. திடீரென்று நாடே மாறி, சொந்தபந்தம் எல்லைக்கு அப்பால் சிக்கிக்கொண்ட ஜனங்களைப் பார்த்தா உறைந்த காலம் என்பது?

நான் பாலக்காடு கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்களுக்கும் மழை குறைச்சல்தான். அதனாலோ என்னவோ, துர்துக் போனபோது என் கண் முதலில் வாய்க்காலுக்குத்தான் போனது. லே வட்டாரத்தில் வருஷ மழை சுமார் 10 சென்டிமீட்டர். பனி உருகி வரும் தண்ணீரை நம்பித்தான் வெள்ளாமை. ஒரு பாட்டி தட்டைக் கல்லையும் புல்லோடு பெயர்த்த மண்கட்டியையும் நகர்த்தி மடையைத் திருப்பினார், பக்வீட் என்கிற தானியம் விளையும் வயலுக்குள் தண்ணீர் பாய்ந்தது. பார்லி அறுத்த கையோடு அதை விதைத்துவிடுகிறார்கள். இங்கே தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம்–ஆளியாறு தண்ணீர் ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு வருஷந்தோறும் வரவேண்டிய 7.25 டிஎம்சிக்கே மல்லுக்கட்டுகிறோம்!

நங்சுங் என்கிற கல் அறையைக் கட்டுரையில் காணோமே? கல்லிடுக்கு வழியே குளிர்காற்று வரும். வெண்ணெயும் இறைச்சியும் கோடையிலும் கெடாது. கரண்ட் பில் கிடையாது.

போகிறவர்கள் உயரம் உடம்புக்குப் பழக லேயில் இரண்டு நாளாவது ஓய்வெடுத்துவிட்டு கர்துங் லா கணவாய் ஏறுங்கள். ஆப்ரிகாட் மரத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். பழத்தைக் காயவைப்பதும், அதன் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுப்பதும் அவர்கள் பிழைப்பு.