ஓட்டுகிறவள் எழுதக் கூடாதா?

"நீயே பைக் பந்தயம் ஓட்டுகிறாய். அதைப் பற்றி நீயே செய்தியும் எழுதினால் நடுநிலை எங்கேயிருந்து வரும்?"

இதழியல் படிக்கச் சேர்ந்ததிலிருந்து இந்தக் கேள்வியைப் பேராசிரியர், வகுப்புத் தோழர்கள், பயிற்சிக்குப் போன அலுவலகத்தின் உதவி ஆசிரியர் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன், இனிமேல் கேட்பவர்களுக்கு இந்த இணைப்பை அனுப்பினால் போதும். பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் விருப்பக்குறி போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிரிக்கெட் ஆடியவர் வர்ணனை செய்தால் அனுபவசாலி என்கிறோம். பாட்டுக் கற்றவர் கச்சேரி விமர்சனம் எழுதினால் விஷயம் தெரிந்தவர் என்கிறோம். மோட்டோகிராஸ் ஓட்டுகிறவள் பேனாவை எடுத்தால் மட்டும் எல்லாருக்கும் நடுநிலை ஞாபகம் வந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு மோட்டோகிராஸ் என்றால் என்னவென்றே தெரியாது. நடுராத்திரி மெரினாவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிறார்களே, அதுதானே என்றவர்களும் உண்டு.

அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 1924-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊருக்குப் பக்கத்து மேட்டு நிலத்தில் தொடங்கிய விளையாட்டு இது. ஏற்றம், இறக்கம், சேறு, குழி எல்லாம் உள்ள மண் பாதையில் பைக்கைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். உலகச் சாம்பியன் போட்டியில் 40 பேர் ஒரே வரிசையில் நின்று, ஒரே நொடியில் கிளம்பி, முதல் வளைவுக்கு முட்டி மோதிக்கொண்டு வந்து சேருவார்கள். ஓர் ஓட்டம் 30 நிமிடம், அதற்கு மேல் 2 சுற்று. ஒரே நாளில் அப்படி இரண்டு ஓட்டங்கள். அதையே நகரத்து மைதானத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டி, ஜேசிபி வைத்து மேடு கட்டி நடத்தினால் சூப்பர்கிராஸ். நம் நாட்டில் மக்கள் அதிகம் பார்த்திருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

புறப்படும் இடத்தில் குறுக்கே ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். அது முன்பக்கமாகச் சாயாது, ஓட்டுகிறவரை நோக்கித்தான் சாயும். அவசரப்பட்டு அரை நொடி முந்தினால் முன்சக்கரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும், அத்தனை பேரும் போன பிறகுதான் நீங்கள் கிளம்ப முடியும். அந்த வரிசையில் நிற்கும்போது எதிரே இருக்கும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தடுப்பின் கீல் அசைகிறதா என்று மட்டும்தான் கண் பார்க்கும். (எங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்னப் பந்தயங்களில் இதெல்லாம் கிடையாது. ஒருவர் கொடியோடு நிற்பார், அவர் தோள் அசைவதைப் பார்த்தே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.)

வண்டியில் சீட் இருக்கிறதே தவிர உட்கார நேரம் இருக்காது. கால்மிதியில் நின்றபடி, முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். சில சுற்றுகளிலேயே முன்கை கல்லாக இறுகிவிடும். கிளட்ச் பிடியை மடக்க விரலுக்குச் சொன்னால் விரல் கேட்காது. முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரம் வாரி இறைக்கிற மண்ணும் கல்லும் நேராக நெஞ்சில் வந்து அடிக்கும். கண்ணில் மாட்டிய கண்ணாடியின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கிழித்து எறிந்துகொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பாதை தெரியாது. இதெல்லாம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு கோவையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் எனக்கு மேல் படுக்கைதான் வாய்க்கும். தொடை வலியோடு அந்த ஏணியில் ஏறுவதுதான் வாரத்தின் மிகக் கடினமான மேடு. திங்கட்கிழமை காலை சென்னையில் "யார், என்ன, எங்கே, எப்போது" வகுப்பு.

கோவைக்காரி என்பதால் எனக்கு இது ஒன்றும் வானத்திலிருந்து குதித்த ஆசை இல்லை. கரிவரதன் பந்தயக் கார் கட்டிய ஊர், ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை உள்ள ஊர். ஓசூரில் டிவிஎஸ் 1982-லிருந்து பந்தய அணி வைத்திருக்கிறது. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். என் பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்குக்கு இன்ஜின் அடியில் கல் படாமல் இருக்க அலுமினியத் தகட்டை அவரே வளைத்துப் போட்டுக் கொடுத்தார். மண்ணைப் பிடிக்கிற பட்டன் டயர் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. அந்த வண்டி சாலையில் போவதற்காகச் செய்தது, எடை ஏறத்தாழ 160 கிலோ. உண்மையான மோட்டோகிராஸ் வண்டி, உதாரணத்துக்குக் கவாசாகி கேஎக்ஸ் 250, 110 கிலோவைத் தொடாது. விலை இங்கே லட்சக்கணக்கில். விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை, பதிவு செய்யவும் முடியாது. பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் குட்டியானை லாரி பிடித்துத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தலைக்கவசம், கழுத்துப்பட்டை, நெஞ்சுக்கவசம், முழங்கால் காப்பு, பூட்ஸ் என்று உடம்பில் போடுகிறதுக்கே ஒரு பழைய ஸ்கூட்டர் விலை ஆகும். நான் பார்த்த பந்தயங்களில் பரிசுப் பணம் டயர் செலவுக்குக்கூடக் காணாது.

இந்தக் கணக்கையெல்லாம் எந்தச் செய்தியிலாவது படித்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து மோட்டார் பந்தயம் நம் பத்திரிகைகளுக்கு இரண்டு சமயங்களில்தான் கண்ணில் படுகிறது. ஒன்று, நட்சத்திரம் வந்தால். இன்னொன்று, உயிர் போனால்.

இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் 2024-ல் புனே, அகமதாபாத், பெங்களூரு என்று மூன்று நகரங்களில் நடந்தது. வெளிநாட்டு ஓட்டுநர்களும் நம்மவர்களும் ஒரே அணியில் ஓட்டினார்கள். நான் எந்தத் தமிழ் நண்பரிடம் சொன்னாலும் "அப்படியா?" என்றார்கள். அடுத்த பருவத்துக்கு சல்மான் கான் விளம்பரத் தூதர் என்ற அறிவிப்பு வந்தபோது அதே நண்பர்கள் எனக்கே அந்தச் செய்தியை அனுப்பிவைத்தார்கள்.

உயிர் போன செய்தி இன்னும் மோசம். 2023-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் இரண்டு மரணங்கள். ஜனவரியில் மூத்த கார் ஓட்டுநர் ஒருவர், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன். இரண்டும் தார்ப் பாதையில் நடந்தவை, மோட்டோகிராஸ் இல்லை. ஆனாலும் எங்கள் எல்லாருடைய வீட்டிலும் அன்று சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு நாட்கள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அதுதான். எத்தனை வயதில் எத்தனை சிசி வண்டியில் ஏற விடலாம், விழுந்தவர் மேல் பின்னால் வருகிற வண்டி ஏறாமல் இருக்கக் கொடி காட்டுகிறவர்களுக்கு என்ன பயிற்சி, அந்த விபத்துகளுக்குப் பிறகு என்ன மாறியது என்ற கேள்விகள் மூன்றாம் நாளே காணாமல் போய்விட்டன. பின்தொடர்ந்து எழுதிய செய்திகளை நான் சல்லடை போட்டுத் தேட வேண்டியிருந்தது.

சாதனைச் செய்தியும் இதே லட்சணம்தான். கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, பாலைவனத்தில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலியில் 2024-ல் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் டக்காரையே வென்றுவிட்டதாக எழுதினார்கள். மறுபக்கம் "மொத்தத்தில் 11-ஆம் இடம்தானே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். உலகின் உச்சத் தரவரிசை ஓட்டுநர்களுக்கு 'ராலி ஜிபி' என்று தனிப் பிரிவு உண்டு, அதற்கு அடுத்த நிலையில் வருவது ராலி 2, அங்கே முதலாவதாக வந்து மொத்தப் பட்டியலில் 11-ஆவது என்றால் மேல் பிரிவில் 10 பேர் மட்டுமே அவருக்கு முன்னால் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு வரிதான். அவர் தேசிய சூப்பர்கிராஸ் பட்டங்கள் வழியாக அங்கே போனவர் என்பது மூன்றாவது வரி. அந்த மூன்று வரியை எழுத, பந்தயம் தெரிந்த ஆள் வேண்டும்.

தெரியாத ஆள் என்ன செய்வார் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பந்தயத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன், எங்கே என்று சொல்லப்போவதில்லை. பத்திரிகையாளர் கூடாரத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு பை. உள்ளே டி-சர்ட், தொப்பி, சாவிக்கொத்து, அவற்றோடு அச்சடித்த செய்திக்குறிப்பு. "ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆரவாரத்துடன் கண்டுகளித்தனர்" என்று அதில் இருந்தது. இறுதி ஓட்டம் அப்போது தொடங்கவே இல்லை. வென்றவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள், அதை மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மறுநாள் நான் பார்த்த செய்திகளில் அந்த ஆரவாரம் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே வந்திருந்தது. இதை எழுதியவர்கள் யாரும் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இல்லை. ஆகவே நடுநிலையாளர்கள்!

அதே மாதிரியான ஒரு களத்தில் என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பந்தயத்தில் ஒன்றும் தெரியாது. நான் ஓட்டுவது பிடிக்கவும் பிடிக்காது, என்றாலும் கூட வருவார். கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "கண்ணு, அந்த ஆம்புலன்ஸில் டிரைவரைக் காணோமே?" என்றார். போய்ப் பார்த்தால் வண்டி பூட்டிக் கிடக்கிறது. ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். பாதையில் பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஆம்புலன்ஸ்தான், அதுவும் ரசிகர்களின் பைக்குகளுக்குப் பின்னால் அடைபட்டு நின்றது. காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வெளியே போனால், மாற்று வண்டி வரும்வரை பந்தயத்தை நிறுத்திவைப்பதுதான் முறை. இங்கே இருந்த ஒன்றே வெளியே போக முடியாத இடத்தில் நின்றது. அம்மா நேராக நடத்துகிறவர்களிடம் போய், பைக்குகளை நகர்த்தும்வரை அங்கேயே நின்றார்.

அன்று அங்கே இருந்த பத்திரிகையாளர்கள் யாரும் அந்த ஆம்புலன்ஸைப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் அவர்கள் கெட்டவர்கள் என்பதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரும் அந்தப் பாதையில் இறங்கப்போவதில்லை, அவ்வளவுதான். அக்கறை இருக்கிற இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் பைத்தியம் என்பதால்தான் இதை நடத்துகிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகமும் அதிகம். விழப்போவது என் கழுத்து.

சார்பே வராது என்று சத்தியம் செய்யவில்லை. வரும். அதற்கு என்ன செய்கிறேன் என்று கேளுங்கள், சொல்கிறேன். நான் ஓட்டுகிற பிரிவின் முடிவுகளை நான் எழுதுவதில்லை. என்னோடு பயிற்சி செய்கிறவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் அதைக் கட்டுரையின் தலையிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையாளர் கூடாரத்தில் தருகிற அந்தப் பையை இப்போதெல்லாம் வாங்குவதில்லை, தொப்பி நன்றாக இருந்தாலும்கூட. சி.எஸ். சந்தோஷ் மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை உண்டு. 2015-ல் டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர், 36-ஆம் இடம். 2021-ல் சவூதி பாலைவனத்தில் விழுந்து, மருத்துவர்களே மருந்து கொடுத்து நினைவிழக்க வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைக்குப் போய் மீண்டவர். கோலார் பக்கத்தில் அவர் தொடங்கிய மண் பாதைப் பயிற்சிக்களத்தில் எத்தனையோ பிள்ளைகள் ஓட்டக் கற்கிறார்கள். நாளைக்கு அவரைப் பேட்டி எடுக்கக் கிடைத்தால், எந்த வயதுக் குழந்தைக்கு எந்த உயர மேட்டைத் தாண்ட அனுமதிப்பீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. செல்ஃபி அப்புறம்.

பெண் என்பதால் இன்னொரு தொல்லை. ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா என்ற கரடுமுரடான பாதைப் பந்தயங்களின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினில் விழுந்து கணையம் கிழிந்தவர். அப்படிப்பட்டவரிடமும் நம்மவர்களுக்குக் கேட்கத் தோன்றுவது "வீட்டில் எப்படி விட்டார்கள்?" என்பதுதான். இத்தாலியின் கியாரா ஃபொன்டனேசி பெண்கள் மோட்டோகிராஸில் 6 முறை உலகப் பட்டம் வென்றவர். அவரிடம் டயர் காற்றழுத்தம் பற்றிக் கேட்பார்கள். எனக்கும் ஒரு நாள் யாராவது காற்றழுத்தம் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஆசை. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பதிவை இன்று எழுதக் காரணம். இறுதி ஆண்டு ஆய்வேடாக, தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நடக்கும் மண் பாதைப் பந்தயங்களில் மருத்துவ ஏற்பாடு எப்படி இருக்கிறது என்பதை எடுத்திருக்கிறேன். பேராசிரியர் முதலில் மறுத்தார், காரணம் உங்களுக்கே தெரியும். பிறகு, நான் ஓட்டிய பந்தயம் எதையும் சேர்க்கக் கூடாது, ஒவ்வொரு தகவலுக்கும் என்னைச் சாராத இரண்டு பேராவது சாட்சி வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். நியாயமான நிபந்தனைதான்.

ஆகவே பொள்ளாச்சி, நாமக்கல், சேலம், தேனி என்று எந்தப் பக்கமானாலும் சரி, இப்படிப்பட்ட பந்தயம் பார்க்கப் போனவர்கள், கொடி பிடித்தவர்கள், விழுந்து எழுந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது. வண்டி ஆகாயத்தில் பறக்கிற படங்கள் என்னிடமே நிறைய இருக்கின்றன. ஆம்புலன்ஸ் எங்கே நின்றது என்று தெரிகிற படம் ஏதாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியோடு அனுப்பிவையுங்கள்.