எல்லா ஓடைக்கும் ஒரே இடைவெளி வேண்டாம்
ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தரும் கோப்புதான் ஆர்எஸ்எஸ் ஓடை (feed). அவற்றைத் திரட்டிப் படிப்பவர்களுக்குச் சொல்லப்படும் ‘ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஓடைகளையும் புதுப்பிக்கும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கருவி) அமையுங்கள்’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. வாரம் ஒரு பதிவு எழுதுபவரின் சிறிய சர்வரை ஒரே நாளில் 288 முறை தட்டுவது என்ன நியாயம்? மாற்றமில்லாவிட்டால், ‘புதிதாக எதுவும் இல்லை’ என்று பொருள்படும் 304 என்ற பதில் மட்டுமே வரும், சுமை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதியைச் சரியாகத் தராத தளங்கள் ஒவ்வொரு முறையும் முழு ஓடையையும் அனுப்புகின்றன. சில தளங்கள் 429, அதாவது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று சொல்லிக் கதவடைத்தும்விடுகின்றன. ஓடைகளைத் திரட்டித் தரும் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற மென்பொருளில் ஒவ்வோர் ஓடைக்கும் தனி இடைவெளி வைக்கலாம். செய்தித் தளங்களுக்கு ஒரு மணி நேரம், தனிநபர் வலைப்பதிவுகளுக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன், எதையும் தவறவிட்டதில்லை.