பட்டினியைத் தகுதி ஆக்காதீர்கள்

ஜெயித்த இயக்குநர்களின் பேட்டிகளில் ஒரு கட்டம் தவறாமல் வரும். உதவி இயக்குநராக இருந்த நாட்களில் சென்னை சாலிகிராமத்தில் ஒரு ரூம், நாள் முழுக்க ஒரு டீயும் பன்னும், பஸ்ஸுக்குக் காசில்லாமல் கோடம்பாக்கம் வரை நடை. கேட்பவர் உச்சுக்கொட்டுவார். பார்க்கிறவர்கள் 'இப்படிக் கஷ்டப்பட்டால்தான் மேலே வர முடியும்' என்பார்கள். எனக்கு வயிறு எரியும். அந்தப் பசி உண்மைதான், சந்தேகமே இல்லை. பசித்ததால்தான் கலை வந்தது என்று நாம் சேர்த்துக்கொள்கிறோமே, அது பொய்.

சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே படமாக, வரைவது என் தொழில் என்பதால் அந்த ரூம்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் தங்கும் ரூமில், கொடியில் ஒரே ஒரு சட்டை மட்டும் இஸ்திரி போட்டுத் தொங்கும். தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறவர் அதைப் போட்டுக்கொள்வார், அளவு சேர்ந்தாலும் சேராவிட்டாலும். படம் டிஸ்கஷனில், அதாவது கதையைப் பேசி உருவாக்கும் கட்டத்தில், இருக்கும் மாதங்களில் பல கம்பெனிகளில் டீயும் சாப்பாடும் வரும், சம்பளம் வராது. ஷூட்டிங் தொடங்கினால்தான் பேட்டா என்கிற தினப்படி. தொடங்காமலே நின்றுபோகும் படங்களுக்கும் உதவி இயக்குநராக இருக்கும் பையன் சீன் எழுதியிருப்பான், லொகேஷன் பார்க்க அலைந்திருப்பான். அதற்குத் தவம் என்று பேர் வைக்கிறோம். கூலி கொடுக்காத வேலை அது.

சரி, யாரால் அப்படித் தாக்குப்பிடிக்க முடியும்? ஊரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்ப ஒரு அண்ணன் இருக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு சோறு போடும் ஒரு மெஸ் அக்கா. தம்பி தங்கைகளைப் படிக்கவைக்கிற மூத்த பெண்ணுக்கு அது முடியுமா? அவளால் ஐந்து பேரோடு ஒரு ரூமில் ஒண்டிக்கொள்ள முடியாது. தனியாக வாடகைக்கு வீடு கேட்டால் இந்த ஊரில் என்னென்ன கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சொல்லியிருக்கக்கூடிய கதைகள் நமக்கு வராமலே போய்விட்டன. என் பெரிய வருத்தமே அதுதான்.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நினைத்துக்கொள்கிறேன். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில், எழும்பூர் ஓவியக் கல்லூரியோடு தொடர்புடைய ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய கிராமம். ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாட்டிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், அந்தப் பணத்தில்தான் நிலமே வாங்கினார்கள், அப்புறம் மிச்ச நேரத்தில் தங்களுக்கான ஓவியங்களை வரைந்தார்கள். பாட்டிக் செய்ததால் அவர்கள் கலை கெட்டுவிட்டதா? மெட்ராஸ் கலை இயக்கத்தைப் பற்றி யார் பேசினாலும் அவர்களைத் தாண்டிப் போக முடியாது. வயிற்றுப்பாட்டுக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வழி செய்துகொண்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதனால் பகலில் கிண்டியில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஸ்கிரிப்ட் எழுதுகிற தம்பியிடம், 'முழுசா இறங்கினாத்தான் சினிமா' என்று சொல்லாதீர்கள். அவன் சம்பளத்தில் வாடகை கட்டுகிறான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

டிசைன், எடிட்டிங் என்று தனியாகச் செய்கிறவர்கள் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிவு இருந்தால், 2006-ம் வருடத்துச் சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாண்டினால் வட்டியும் சேரும். வேலை சொன்ன மெயிலையும், முடித்துக் கொடுத்த தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி கொடுக்கும் அண்ணன்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பழைய பசியைச் சொல்லுங்கள், மரியாதையோடு கேட்கிறோம். கூடவே, இப்போது உங்கள் ஆபீஸில் டிஸ்கஷனில் உட்கார்ந்திருக்கும் உதவி இயக்குநர்களுக்கு மாதம் என்ன சம்பளம் தருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.