ஐ ஆம் ஹியர் ஒன்லி

அல்சூர் மார்க்கெட் வாசல்ல நின்னு "எங்க இருக்கே?"ன்னு போன் போட்டா, பெங்களூர்த் தமிழர் வாயில வர்ற பதில்: "ஐ ஆம் ஹியர் ஒன்லி."

சென்னையிலேர்ந்து எங்க ஆபீசுக்குப் புதுசா வந்த தம்பி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "ஏங்க்கா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க முடியுமா என்ன?" கிண்டல் நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் அவனே மேனேஜர்கிட்ட "டுமாரோ ஒன்லி ஐ கேன் கிவ்"ங்கிறான்!

எனக்கு இதுல வெட்கமே கிடையாது. வாயில வர்றது இங்கிலீஷ், உள்ள ஓடுறது ஏகாரம், அதாவது 'இங்கேயே'ன்னு சொல்லோட கடைசியில ஒட்டுற 'ஏ'. தொல்காப்பியர் ஏகாரத்துக்கு அஞ்சு பொருள் சொல்றார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இங்கிலீஷ்காரங்களோட ஒன்லி அடிப்படையில பிரிநிலை. பொறந்ததே 'ஒன்'ங்கிற சொல்லுலேர்ந்துதானே, பலதுலேர்ந்து ஒண்ணைப் பிரிச்சுக் காட்டும். நமக்கு வேண்டியது தேற்றம்: "சந்தேகமே வேணாம், இங்கேயேதான்." அவங்க அதைப் பெரும்பாலும் குரலை அழுத்திச் சொல்லிடுவாங்க. நமக்கு அழுத்தம் சொல்லோட வாலுல. அதான் ஒன்லியைக் கொண்டாந்து வாலுல கட்டிட்டோம்.

கன்னடத்துலயும் இதே ஏகாரம்தான். நான் வந்த புதுசுல ஆட்டோக்காரர் போன்ல "இல்லே இதீனி"ன்னார். ஆள் இல்லைங்கிறாரேன்னு பதறி வேற வண்டி புக் பண்ணிட்டேன். மனுஷன் எனக்குப் பின்னாடியே நின்னுட்டிருக்கார். கன்னடத்துல 'இல்லே'ன்னா இங்கேயே!

ஒன்லியை எங்க வைக்கணும்னு இங்கிலீஷ்காரங்களுக்குள்ளயே பஞ்சாயத்து உண்டு. "மூணு வார்த்தைதான் பேசினேன்"னு சொல்லணும்னா ஒன்லியை வினைச்சொல்லுக்கு முன்னாடி போடாதே, மூணுக்குப் பக்கத்துல போடுன்னு பதினெட்டாம் நூற்றாண்டுலயே ராபர்ட் லவுத்ங்கிற பாதிரியார் இலக்கணம் எழுதினார். 1926ல, இங்கிலீஷை எப்படி எழுதணும்னு கையேடு போட்ட ஃபவுலர் வந்து, பேச்சுல இயல்பா எங்க விழுதோ அங்கேயே இருக்கட்டும், அர்த்தம் குழம்பாத வரைக்கும் ஏன் நோண்டுறீங்கன்னார். நான் ஃபவுலர் கட்சி.

அர்த்தம் குழம்பின எடத்துல பட்டிருக்கேன், அதையும் சொல்லிடறேன். சர்வர் படுத்திருந்த ஒரு நாள், "இன்னைக்கே சரியாயிடும்"னு சொல்றதா நெனச்சு லண்டன் கிளையன்ட்டுக்கு "சர்வர் வில் பி அப் டுடே ஒன்லி"ன்னு மெயில் தட்டிட்டேன். பத்து நிமிஷத்துல மூணு பேர் கேட்டாங்க, நாளைக்கு ஏன் இருக்காதுன்னு. அன்னையிலேர்ந்து மெயில்ல "பை திஸ் ஈவினிங்"னு எழுதறேன்.

போன்ல இன்னமும் ஹியர் ஒன்லிதான்.