6 கிலோ 200 கிராம்

நோர்வேயில் இருக்கும் அத்தான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே அது சட்டப்படியான காரியம். பயிற்சி பெற்று, தேர்வெழுதித் தேறியவர்கள்தான் துவக்கைத் தூக்கலாம். இரண்டு இரவு காட்டில் தங்குவதற்குக் கட்டிய பொதியைப் போன வாரம் காணொளி அழைப்பில் பிரித்துக் காட்டினார். எடை குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியில் அறுத்து எறிந்திருக்கிறார். அதே பைக்குள் மடக்கு நாற்காலி ஒன்றும் இருந்தது. அக்காவின் கணவர் ஆயிற்றே, நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சரியாகச் சொன்னார். வேட்டைக்காரன் பாரத்தைக் குறைப்பது போகிற வழிக்காக அல்ல, திரும்பி வருகிற வழிக்காக. எல்க் என்கிற அந்தப் பெரிய மான் சில நூறு கிலோ வரும். விழுந்த இடத்திலேயே எலும்பை நீக்கி, இறைச்சியை மட்டும் கூட்டாளிகள் பங்கிட்டுச் சுமந்தாலும் பல நடை நடக்க வேண்டுமாம். அப்போதுதான் நாற்காலியின் பாரம் தெரியும் என்று அவரே சிரித்தார்.

இலங்கையில், திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் இருந்த என் அம்மப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கந்தளாய்ப் பக்கக் காட்டுக்குப் போகும்போது அவரிடம் இருந்தவை குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கு, கத்தி, தீப்பெட்டி, தண்ணீருக்குச் சுரைக்குடுவை, ஒரு வெறும் சாக்கு. இடுப்பில் இருந்த சாரமே இரவில் போர்வை, குளித்தால் துவாய், குட்டையில் தண்ணீர் மொண்டால் வடிகட்டும் துணி. திரும்பும்போது அந்தச் சாக்கில் வற்றல் இருக்கும். பச்சை இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அத்தான் எலும்பைக் கழித்தார். அம்மப்பா காட்டிலேயே பரண் கட்டி, புகை போட்டு, தண்ணீரைக் கழித்துவிட்டு வந்தார்.

வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதைக் கட்டுப்படுத்தும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. இன்று நம் காடுகளில் வேட்டை என்ற பெயரில் நடப்பது, விலங்கு கம்பியில் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும், அக்கப்பட்டாசு என்கிற வாய்வெடியும். தீனிக்குள் ஒளித்து வைத்த வெடியைக் கடித்து, தாடை சிதறிப் பட்டினியில் சாகும் யானைக்கன்றைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அம்மப்பாவின் துவக்கும் போர்க்காலத்தில் போய்விட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாக்குக் கணக்குத்தான். அதைக் கதிர்காமப் பாதயாத்திரையில் பயன்படுத்துகிறேன்.

முதல் முறை பயன்படுத்தவில்லை. காட்டுவழி தொடங்கும் உகந்தையில் நின்றபோது என் முதுகில் 16 கிலோ. கொழும்பில் ஒரு கடைக்காரர் “மிகவும் இலேசானது” என்று தலையில் கட்டிய கூடாரமே மூன்றரைக் கிலோ. அதோடு அரிசி, பருப்பு, சட்டி, இரண்டு சோடி சப்பாத்து. தலையில் துணிப்பொட்டலத்துடன் வந்த மூதூர் அம்மா ஒருவர் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, வீடு மாறுகிறீர்களா?” என்று கேட்டார். குமுக்கன் ஆற்றங்கரையில் அரிசியும் பருப்பும் அவருடைய குழுவின் அடுப்புக்குப் போயின. கூடாரத்தை மட்டும் வெட்கத்தால் கதிர்காமம் வரை சுமந்தேன். நான்கு இரவும் அதை விரிக்கவில்லை. எல்லாரும் மரத்தடியில் படுத்திருக்க, நான் மட்டும் மாளிகை கட்டவா?

அடுத்த முறை கிளம்பும் முன் பையை மீன் கடைத் தராசில் தொங்கவிட்டேன். தண்ணீர் நீங்கலாக 6 கிலோ 200 கிராம். வறண்ட கச்சான் காற்று வீசும் யூலையில் கிழக்கில் மழைக்குப் பயந்து கூடாரம் சுமப்பது வீண். ஒரு மெல்லிய தறப்பாள் போதும். நுளம்புக்கும் உண்ணிக்கும் பயப்படலாம், ஆகவே நுளம்பு வலை கட்டாயம். அரிசி வேண்டாம். அரிசி தனியாக வருவதில்லை. சட்டியையும் விறகையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். சமபோஷ என்கிற சத்துமா, அவல், பனங்கட்டி, பொரிவிளாங்காய் ஆகியவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. சாரம் இரண்டு. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொட்டலம், பிளாஸ்டர், டோர்ச்சுக்கு மாற்றுப் பற்றரி ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது.

மிச்சம் எல்லாம் தண்ணீர்க் கணக்கு. ஒரு லீற்றர் ஒரு கிலோ. எந்தக் கடையிலும் இலேசான தண்ணீர் விற்பதில்லை. வழியில் தங்கும் நாவலடியிலும் வியாழையிலும் இந்த ஆண்டு நீர் எங்கே கிடைக்கிறது, தாங்கி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முன்னால் போய் வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு லீற்றருடன் நடக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டால் நான்கு. அம்மப்பா சிறிய குடுவையோடு போனது வீரத்தால் அல்ல. எந்தக் குட்டை எந்த மாதம் வற்றும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு கை வீசி வந்து, வழியெல்லாம் அடுத்தவரின் போத்தலை வாங்கிக் குடிப்பவர்கள். அவர்களுடைய பாரத்தை வேறு யாரோ சுமக்கிறார்கள், அவ்வளவுதான். குடித்து முடித்த வெறும் போத்தல் 30 கிராம் அளவுதான் வரும். நிறைந்திருந்தபோது ஒரு கிலோவைச் சுமந்த தோளுக்கு அந்த 30 கிராம் கனத்துப்போய், வனத்தில் எறியப்படுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் நமக்காகத் திறக்கிற காடு அது.

இந்த ஆண்டு மருமகனும் வருகிறான். நேற்று அவனுடைய பையை நிறுத்தோம், 11 கிலோ. இரண்டு பவர் பாங்க், குடை, ஜீன்ஸ் மூன்று. அடியில் அக்கா ஒளித்து வைத்த முறுக்குப் பேணி. முறுக்குப் பேணியைத் தவிர எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன்.