பத்தொன்பது கிலோவை இறக்கி வைத்தேன்

கல்யாண மேடைகளில் கிடார் வாசிக்கிறவன் நான். போன வாரம் ஒரு ரிசப்ஷன் முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி பக்கத்தில் வந்து கேட்டார்: "அண்ணா, டியூப் ஆம்பை விட்டுட்டு டிஜிட்டல் பெட்டிக்கு மாற உங்களுக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சு?" வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

டியூப் ஆம்ப் என்றால் வால்வில் ஓடும் கிடார் ஆம்ப்ளிஃபையர். என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ரிவர்ப், 65-ஆம் வருஷ மாடலின் மறுவார்ப்பு. 22 வாட், ஒரே ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர், கடைசிக் கட்டத்தில் இரண்டு 6வி6 வால்வு. எடை 19 கிலோ. பதினோரு வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

தாத்தா வீட்டில் வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கு இது புரியும். சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே இழை செம்மஞ்சளாகச் சூடேறி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வரும். கோயில் கொடையில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் மைக்செட்காரர் வைத்திருந்ததும் ஒரு காலத்தில் வால்வு ஆம்ப்தான். உலகமே டிரான்சிஸ்டருக்குப் போன பிறகும் கிடார்காரர்கள் மட்டும் வால்வை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அளவுக்கு மீறி ஓட்டும்போது வால்வின் ஒலி பட்டென்று உடையாது, மெல்லக் கரகரக்க ஆரம்பிக்கும். மெதுவாக மீட்டினால் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஓங்கி அடித்தால் கனல். சுண்டுவிரலால் கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் திருகினால் அந்தக் கனல் அடங்கிப் பழையபடி தெளிந்துவிடும். இந்த உறவை அனுபவித்தவனுக்கு அதை விடுவது லேசில்லை.

ஆனால் அந்த இனிமை எப்போது வரும்? ஆம்பில் வால்யூம் ஐந்து, ஆறைத் தொட்டால்தான் வரும். கல்யாண மண்டப மேடையில் 22 வாட் டியூப் ஆம்பை ஆறில் வைத்தால் பாடகியின் மைக்குக்குள் கிடார் புகுந்துவிடும். முன்வரிசையில் பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். சவுண்ட் மிக்ஸரிலிருந்து ஆள் ஓடிவருவார்: "அண்ணே, கிடாரைக் கொஞ்சம் குறைங்க." இரண்டரைக்கு இறக்குவேன். நான் கடன் வாங்கி, ஆசைப்பட்டு வாங்கிய அந்த டோனோடு மேடையில் வாசித்த ராத்திரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற ராத்திரிகளில் 19 கிலோவை மாடிப்படி ஏற்றி, அதன் ஊமைக் குரலை மட்டும் வாசித்துவிட்டு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டியூப் ஆம்ப் பற்றிப் பெருமை பேசும்போது இதை நாங்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

2022-இல் ஒரு மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. மாறிய வேகத்தில் வோல்டேஜ் எகிறியிருக்க வேண்டும். ஆம்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடு, அடுப்பில் போட்ட கரண்டி மாதிரி நடுவில் சிவந்திருந்தது. கருகிய தூசி வாசனை. சுவிட்சை அணைப்பதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் சாமான் அது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், மேடையில் திறந்து கைவைக்க முடியாது. மீதிப் பாட்டுகளைக் கிடாரை நேராக மிக்ஸரில் செருகி வாசித்தேன். கம்பியில் தகரத்தைத் தட்டுவது மாதிரி இருந்தது.

வால்வு வாங்கப் போனால் அதற்கும் கேடுகாலம். இன்றைக்கு ஆம்ப் வால்வு பெரும்பாலும் மூன்று நாடுகளில்தான் செய்கிறார்கள்: ரஷ்யாவில் சராத்தோவ் நகரம், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே கம்பெனி, அப்புறம் சீனா. அந்த வருஷம் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு வரத்து தடைப்பட்டு, விலை ஏறிக்கிடந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் என் வால்வைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "ஒரு காலத்துல நம்ம பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியே வால்வு செஞ்சுது தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் (HX Stomp) வாங்கினேன். ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் ப்ராசஸர் அது. லைன் 6 கம்பெனி 2018-இல் கொண்டுவந்த பெட்டி, ஒண்ணேகால் கிலோகூட இல்லை. கிடார் பையின் முன் ஜிப்பிலேயே அடங்கிவிடும். எனக்கு நம்பிக்கையே இல்லாமல்தான் வாங்கினேன். இதே கம்பெனி 1998-இல் விட்ட சிவப்பு நிற பாட் (POD) என்ற இதே மாதிரிப் பெட்டியை ஒரு நண்பர் வீட்டில் வாசித்துப் பார்த்து, கொசு ரீங்காரம் என்று ஒதுக்கியவன் நான். இடையில் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், கெம்பர் என்று வந்த ப்ராசஸர்கள் எட்டாத விலை.

இந்தப் பெட்டி ஆம்பின் ஒவ்வொரு கட்டத்தையும் கணக்காகப் போட்டு ஓட்டுகிறது. ஸ்பீக்கருக்கு ஐ.ஆர். என்று ஒன்று: நிஜ ஸ்பீக்கர் முன்னால் நிஜ மைக்கை வைத்து, அது எப்படி ஒலிக்கிறது என்று பதிந்து எடுத்த அச்சு. டிஜிட்டல் என்றால் தாமதம் வருமே என்பார்கள். சில மில்லி விநாடி வரும்தான். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் ஓரடிதான் நகரும். ஆம்பிலிருந்து நாலடி தள்ளி நின்று வாசித்தபோதே அந்தத் தாமதத்தோடுதான் வாசித்தோம்.

என் மனதை மாற்றியது வேறு ஒன்று. ஒரு சவுண்ட் செக்கில் இறங்கிப்போய் ஹாலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்ட என் கிடாரையே கேட்டேன். ஆறில் வைத்த டீலக்ஸ் ரிவர்பின் டோன், யார் காதையும் கிழிக்காமல், அந்த மண்டபம் முழுக்க. இத்தனை வருஷமும் ஜனங்கள் என் ஆம்பைக் கேட்டதே இல்லை என்பது அப்போது உறைத்தது. ஆம்பின் வாயில் வைத்த ஒரு மைக்கைத்தான், அதுவும் இரண்டரை வால்யூமில், கேட்டிருக்கிறார்கள். ஆம்பைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டும்.

2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் மெட்டாலிகா ராக் குழுவினர் வாசித்தார்கள். மேடையில் ஸ்பீக்கரே கிடையாது, வந்தவர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். கிடார் முழுக்க ஆக்ஸ்-எஃப்எக்ஸ். ஆம்ப் சுவரை முதுகுக்குப் பின்னால் அடுக்கி வாசித்தே பேர் வாங்கியவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

இழந்தது ஒன்றும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஆம்பைப் பார்த்துத் திரும்பினால், ஸ்பீக்கர் காற்று கால்சட்டையில் மோதும், கம்பி தானாகவே அதிர்ந்து பாட ஆரம்பிக்கும். காதுக்குள் மானிட்டரை மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது அது வராது. அந்த ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அது என் ஏக்கம். காசு கொடுத்துக் கூப்பிட்டவர்கள் அதற்காக முதுகுவலி மாத்திரை வாங்கித் தரப்போவதில்லை.

ப்ராசஸர் வாசிக்கும் தம்பிகளைப் "பொம்மை வைத்திருக்கிறான்" என்று பேசும் மூத்தவர்களுக்குச் சொல்கிறேன்: தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பையன் ஷேர் ஆட்டோவில் வந்து உங்களுக்கு முன்னால் ரெடியாக நிற்கிறான்.

தம்பிகளுக்கும் ஒன்று. ராத்திரி ஹெட்போனில் டோன் செய்யாதீர்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடியும் உச்சியும் கம்மியாகக் கேட்கும், அதனால் இரண்டையும் ஏற்றிவிடுவீர்கள். மேடையில் அது அடியில் குமுறி, மேலே கீச்சிடும். வாசிக்கிற சத்தத்திலேயே, நல்ல ஸ்பீக்கரில் வைத்துச் செய்யுங்கள். 12 இஞ்ச் கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தராது. அதனால் ஐ.ஆரில் உச்சியை வெட்டும் 'ஹை கட்' ஆறாயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியும், அடியை வெட்டும் 'லோ கட்' 90 ஹெர்ட்ஸ் பக்கமும் வைத்துப் பாருங்கள். கொசு பறந்துவிடும். நான் மண்டபத்துக்கு வைத்திருக்கும் செட்டிங் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், ஃபைலாகவே அனுப்புகிறேன்.